பர்மியச் சமையலை வீட்டில் தொடங்குவது எப்படி

பர்மிய உணவை வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் மீன் சாறு ஊற்றிய அரிசி நூடுல்ஸான மொஹிங்காவிலோ தேங்காய்ப்பால் சேர்த்த நூடுல்ஸான கவுசுவேயிலோதான் தொடங்குகிறார்கள். இரண்டும் புகழ்பெற்றவை, சுவையானவை. ஆனால் தொடக்கத்துக்கு ஏற்றவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டுத் துணைப்பொருள்களைத் தனித்தனியே ஆயத்தம் செய்ய வேண்டியிருப்பதால் முதன்முறை சமைப்பவர் அடுப்படியிலேயே களைத்துப்போகிறார். மேலும், அவை காலை உணவாகவும் சிற்றுண்டியாகவும் உண்ணப்படுபவை என்பதால், பர்மிய வீடுகளில் நாள்தோறும் நடக்கும் சோற்றுச் சாப்பாட்டின் அமைப்பை அவற்றிலிருந்து அறிந்துகொள்ள முடியாது. ஆகவே இந்த வழிகாட்டி சோற்றிலிருந்து தொடங்கி, மொஹிங்காவைக் கடைசிக்கு ஒத்திவைக்கிறது.

ஒரு பர்மியச் சாப்பாட்டில் நடுவில் இருப்பது சோறு. அதைச் சுற்றி எண்ணெய் மிதக்கும் கறி ஒன்று, தெளிவான அல்லது புளிப்பான சூப் ஒன்று, கையால் பிசைந்த காய்க் கலவை ஒன்று, ஙப்பி எனப்படும் மீன் விழுதில் செய்த தொட்டுக்கொள்ளும் சாறு, அதில் தோய்த்துத் தின்னப் பச்சைக் காய்களும் கீரைகளும் நிறைந்த தட்டு ஆகியவை இருக்கும். நாம் குழம்பு, ரசம், மோர் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சோற்றில் ஊற்றி உண்பதைப் போல அங்கே வரிசை கிடையாது. எல்லாம் ஒரே நேரத்தில் பரிமாறப்படுகின்றன. கறியைச் சிறிதளவே சோற்றில் சேர்த்துப் பிசைந்து, இடையிடையே சூப்பை அருந்தி, ஒரு வாய்க் கலவையையும் ஒரு துண்டு வெள்ளரியையும் கடித்துக்கொள்வது வழக்கம். கறி கொழுப்பாக இருப்பதால் சூப் புளிப்பாக இருக்கிறது. ஙப்பி உப்பாக இருப்பதால் காய்கள் உப்பில்லாமல் பச்சையாகவே வருகின்றன. கறியை மட்டும் செய்து சோற்றுடன் உண்டுவிட்டு, பர்மிய உணவில் எண்ணெய் அதிகம் என்று சொல்கிறவர்கள் சாப்பாட்டில் பாதியைத்தான் சுவைத்திருக்கிறார்கள்.

அலமாரியில் இருக்க வேண்டியவை

முதல் வார இறுதியில் எதையும் சமைக்காமல், நான்கு பொருள்களை மட்டும் செய்து வைத்துக்கொள்வது நல்லது. இவை கையிருப்பில் இருந்தால் வேலைநாள் இரவிலும் பர்மியச் சாப்பாடு கைகூடும்.

அவற்றுள் முதன்மையானது வெங்காய எண்ணெய். 250 கிராம் சின்ன வெங்காயத்தை உரித்து, ஒரே கனமுள்ள மெல்லிய வில்லைகளாக நறுக்கி, துணியில் பரப்பி அரை மணி நேரம் ஈரம் உலரவிட வேண்டும். வாணலியில் ஒரு கப் கடலை எண்ணெயை மிதமாகச் சூடாக்கி, கால் தேக்கரண்டி மஞ்சள்தூளுடன் வெங்காயத்தைச் சேர்த்து, விடாமல் கிளறிவர வேண்டும். நுரை அடங்கி, வெங்காயம் வெளிர் பொன்னிறம் பெற்ற உடனேயே அரிகரண்டியால் எடுத்துத் தாளில் பரப்பிவிட வேண்டும். எடுத்த பிறகும் தன் சூட்டிலேயே அது மேலும் சிவக்கும் என்பதால், சட்டியிலேயே முழுமையாகச் சிவக்கவிட்டால் கசந்துவிடும். பொரித்த வெங்காயம் ஒரு டப்பாவுக்கும், வடிகட்டிய மஞ்சள் எண்ணெய் ஒரு கண்ணாடிப் புட்டிக்கும் போகட்டும். இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால் எண்ணெய்தான் என்பேன். வெங்காயம் மொறுமொறுப்பைத் தருகிறது. கலவைகளின் அடிப்படை மணத்தை எண்ணெய் தருகிறது. மக்வே, மண்டலே வட்டாரங்களை உள்ளடக்கிய நடுப் பர்மாவின் வறண்ட நிலத்தில் எள்ளும் நிலக்கடலையும் விளைவதால் அந்த இரண்டு எண்ணெய்களுமே அங்கே புழக்கத்தில் உள்ளன. நமக்குக் கடலை எண்ணெய் போதும். விரும்பினால் சிறிது நல்லெண்ணெய் கலக்கலாம். வறுத்த எள்ளில் எடுத்த சீன எண்ணெய் வேண்டாம். அதன் மணம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும்.

இரண்டாவது, வறுத்த கடலை மாவு. எண்ணெய் விடாமல் சிறுதீயில் 8 முதல் 10 நிமிடம் வறுத்து, நிறம் ஒரு படி ஏறிப் பச்சை வாசனை போனதும் இறக்க வேண்டும். பொட்டுக்கடலையை நைசாகப் பொடித்துக்கொண்டால் இந்த வேலையும் மிச்சம்; கலவைகளுக்கு அது மிகவும் பொருந்துகிறது. மூன்றாவது, காய்ந்த மிளகாயை வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்த பொடி. நான்காவது, காய்ந்த இறால் பொடி. கருவாட்டுக் கடையில் கிடைக்கும் சிறிய காய்ந்த இறாலை மண் போக அலசி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பிழிந்து, உரலிலோ மிக்சியிலோ பஞ்சுபோல் உதிர்த்து, வெறும் வாணலியில் ஈரம் போகப் புரட்டி எடுக்க வேண்டும்.

இவற்றுடன் ஒரு புட்டி மீன் சாஸும் புளியும் எலுமிச்சம்பழமும் இருந்தால் போதும். தாய்லாந்து மீன் சாஸ் இப்போது பெரிய மளிகைக் கடைகளில் கிடைக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் சாஸிலும் உப்பின் அளவு மாறுபடுவதால், உணவில் உப்பை எப்போதும் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். பர்மிய வீடுகளில் அஜினமோட்டோ தாராளமாகப் புழங்குகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் இறால் பொடியைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.

முதல் சமையல்: கையால் பிசைந்த கலவை

சென்னைப் பாரிமுனையில் பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் மாலை நேரத்தில் நின்றவர்களுக்கு அத்தோ புதிதல்ல. 1962-இல் பர்மாவில் இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த பின்னர், கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்டதால் தமிழகம் திரும்பிய குடும்பங்கள் கொண்டுவந்த உணவு அது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்ப்பொடி ஆகியவற்றைக் கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைந்து, வாழைத்தண்டுச் சூப்புடன் கொடுப்பார்கள். பர்மாவிலோ இப்படிப் பிசைந்து செய்யும் எல்லாமே அத்தோதான்: தக்காளி, மாங்காய், பம்பளிமாஸ், இஞ்சி, வேகவைத்த காராமணிக்காய், உருளைக்கிழங்கு, ஏன், நறுக்கிய சமோசாவில்கூடச் செய்கிறார்கள். அடுப்பை மூட்டாமலே செய்யக்கூடியது என்பதாலும், அலமாரியில் வைத்த நான்கு பொருள்களும் எதற்கு என்பதை ஒரே கிண்ணத்தில் காட்டிவிடுவதாலும் இங்கிருந்து தொடங்குவதே சிறந்தது.

தக்காளிக் கலவை செய்வதற்கு, முழுமையாகப் பழுக்காத கெட்டித் தக்காளி 300 கிராம் எடுத்து வில்லைகளாக நறுக்க வேண்டும். ஒரு சிறிய பெரிய வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, காரம் குறைய ஐந்து நிமிடம் நீரில் போட்டுப் பிழிந்து சேர்க்க வேண்டும். அதன்மேல் ஒன்றரை மேசைக்கரண்டி வெங்காய எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி கடலை மாவு, வறுத்து உடைத்த நிலக்கடலை இரண்டு மேசைக்கரண்டி, இறால் பொடி ஒரு மேசைக்கரண்டி, மீன் சாஸ் ஒரு தேக்கரண்டி, பாதி எலுமிச்சம்பழச் சாறு, அரிந்த பச்சைமிளகாய் ஒன்று ஆகியவற்றைப் போட்டு, விரல் நுனிகளால் மெதுவாகப் பிசைய வேண்டும். கரண்டியால் கிளறினால் தக்காளி உடையும். மாவும் ஒரே இடத்தில் திரண்டுவிடும். காயிலிருந்து கசியும் நீரை மாவு உறிஞ்சிக்கொண்டு, எண்ணெயும் புளிப்பும் ஒவ்வொரு துண்டிலும் ஒட்டும் பதத்தை விரல்களே உணரும். நீர் தேங்கினால் இன்னும் சிறிது மாவு, வறண்டு போனால் சில துளி எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம். பொரித்த வெங்காயத்தையும் கொத்தமல்லித் தழையையும் பரிமாறும் நொடியில்தான் தூவ வேண்டும், ஏனெனில் பத்து நிமிடம் காத்திருந்தாலே மொறுமொறுப்பு போய்விடும்.

கலவைகளில் தலையாயது லப்பெ, அதாவது புளிக்கவைத்த தேயிலையில் செய்வது. பழங்களில் மாம்பழம், இறைச்சிகளில் பன்றி, இலைகளில் லப்பெ என்று அவற்றுள் சிறந்தவற்றை வரிசைப்படுத்தும் பர்மியச் சொலவடை ஒன்று உண்டு. கிழக்குப் பர்மாவிலுள்ள ஷான் மலைப்பகுதித் தேயிலையை ஆவியில் வேகவைத்து, அழுத்தி மூடிப் பல மாதங்கள் புளிக்கவைத்து இதைச் செய்கிறார்கள். நம்சான் இதற்குப் பெயர்பெற்ற ஊர். வீட்டில் இதைப் புளிக்கவைக்க முயல வேண்டாம்; கடையில் வாங்கும் உலர்ந்த தேயிலையை ஊறவைத்தும் இதற்கு ஈடு செய்ய முடியாது. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் இன்றும் வாழ்கிற மணிப்பூரின் மோரே எல்லைச் சந்தை வழியாகப் பர்மியப் பொருள்கள் இந்தியாவுக்குள் வருவதுண்டு. ஆனால் எல்லை நிலவரத்தைப் பொறுத்து வரத்து நின்றும் போகும். கிடைத்தால் வாங்கி, பூண்டு, எலுமிச்சை, எண்ணெய் சேர்த்துப் பிசைந்து, பொரித்த பருப்பு வகைகள், நிலக்கடலை, எள், தக்காளி, அரிந்த முட்டைக்கோஸ் ஆகியவற்றுடன் கலந்து உண்ணலாம்.

எண்ணெய் திரும்பி வரும் கறி

பர்மியக் கறிகளின் அடிப்படை முறையைச் சிபியான் என்பார்கள். கறியிலுள்ள நீர் முழுவதும் வற்றி, ஊற்றிய எண்ணெய் மீண்டும் மேலே வந்து நிற்பதுவரை சமைப்பதே அது. எண்ணெய் பிரியும் பதம் தமிழ்ச் சமையலறைக்கும் தெரிந்ததுதான். ஆனால் நாம் அந்தப் பதத்துக்குப் பிறகு புளியோ தேங்காயோ தண்ணீரோ ஊற்றிக் குழம்பைத் தொடர்கிறோம். பர்மியக் கறியோ எண்ணெய் பிரிவதில்தான் முடிகிறது. மேலே நிற்கும் அந்தச் சிவந்த எண்ணெயே கறியின் சாறு.

இங்கே பழக்கப்பட்ட கையைத்தான் முதலில் கட்டுப்படுத்த வேண்டும். கடுகு தாளிப்பு வேண்டாம், கறிவேப்பிலை வேண்டாம், மல்லித்தூள் வேண்டாம், சோம்பும் பட்டையும் வேண்டாம். சில இறைச்சிக் கறிகளில் கடைசியாக ஒரு சிட்டிகை மசாலாத்தூள் சேர்ப்பவர்கள் அங்கேயும் உண்டு. இருப்பினும் முதல் சில முறைகளில் அது இல்லாமலே செய்து பார்ப்பதுதான் நல்லது. வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகாய், மஞ்சள் ஆகிய ஐந்தும் நீண்ட நேரம் வதங்கும்போது வேறொரு மசாலாவின் துணையில்லாமலே எவ்வளவு ஆழமான சுவையைத் தருகின்றன என்பது அப்போதுதான் தெரியும்.

முக்கால் கிலோ கோழியைத் தோலுரித்துத் துண்டுகளாக்கி, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு மேசைக்கரண்டி மீன் சாஸ் ஆகியவற்றுடன் பிசறி 20 நிமிடம் வைக்க வேண்டும். பெரிய வெங்காயம் 250 கிராம், பூண்டு எட்டுப் பல், கட்டைவிரல் அளவு இஞ்சி, வெந்நீரில் ஊறவைத்து விதை நீக்கிய காய்ந்த மிளகாய் நான்கு ஆகியவற்றை அம்மியிலோ உரலிலோ இடித்துக்கொள்ள வேண்டும். மிக்சியில் அரைத்தால், தண்ணீர் ஊற்றாமல், விட்டு விட்டு ஓட்டி, கொரகொரப்பாகவே நிறுத்த வேண்டும்.

அடிகனமான சட்டியில் ஏழு மேசைக்கரண்டி கடலை எண்ணெயைக் காயவைத்து இந்த விழுதைச் சேர்த்து, மிதமான தீயில் மூடிவைத்து, அவ்வப்போது கிளறிவர வேண்டும். எண்ணெயின் அளவைப் பார்த்துத் தயங்கிப் பாதியாகக் குறைத்தால் விழுது வதங்காமல் அடிபிடிக்கும்; கறி முடிந்த பின் மேலுள்ள எண்ணெயை எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளலாம், தொடக்கத்தில் குறைக்கக்கூடாது. முதல் சில நிமிடங்களுக்கு விழுது தன் நீரிலேயே கொதிக்கும் சத்தம் கேட்கும். நீர் வற்ற வற்ற அந்தச் சத்தம் மெல்லிய பொரியும் சத்தமாக மாறும். பச்சை வெங்காயத்தின் நெடி போய் இனிப்பான மணம் வரும். ஓரங்களில் எண்ணெய் கசியும். இதற்கு 15 முதல் 20 நிமிடம் பிடிக்கும். புதியவர்கள் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். இங்கே பச்சை வாசனை எஞ்சியிருந்தால் பின்னால் எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் அது போகாது.

நிறத்துக்காக ஒரு தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூளைச் சேர்த்து ஒரு கிளறு கிளறியதும் கோழியைப் போட்டு, தீயைச் சற்றுக் கூட்டி, துண்டுகள் வெளுத்து இறுகும்வரை புரட்ட வேண்டும். பின்பு ஒரு கப் வெந்நீர் ஊற்றி, மூடி, சிறுதீயில் 35 முதல் 45 நிமிடம் வேகவிட வேண்டும். நாட்டுக்கோழியானால் நீரும் நேரமும் கூடும். இறைச்சி வெந்த பிறகு மூடியை எடுத்துவிட்டு நீர் முழுவதும் வற்றி எண்ணெய் மேலே தெளிந்து நிற்கும்வரை வைத்து, உப்புப் பார்த்து இறக்க வேண்டும். இறக்கிய உடனே உண்பதைவிட ஒரு மணி நேரம் கழித்து உண்பது நன்று. பர்மியச் சாப்பாட்டுக் கடைகளில் காலையிலேயே சமைத்துத் தட்டுகளில் வரிசையாக வைத்திருக்கும் கறிகள் மிதமான சூட்டிலேயே பரிமாறப்படுகின்றன. அந்தக் கடைகளைப் பின்பற்றி வெளியில் நாள் முழுதும் வைக்க வேண்டாம். மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

இதே விழுதில் அவித்த வாத்து முட்டை, இறால், மீன், கத்தரிக்காய் எதையும் சமைக்கலாம். நேரம் மட்டுமே மாறும். மீனுக்கும் இறாலுக்கும் விழுது முழுமையாக வதங்கிய பின் பத்து நிமிடம் போதும்.

சூப்பும் ஙப்பியும்

சூப்புக்கு நம் ஊர்ப் புளிச்சக்கீரையே போதும். பர்மியர்களும் அதே கீரையைத்தான் சூப்பாகவும் பொரியலாகவும் விரும்பி உண்கிறார்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் அரிந்த வெங்காயம், நசுக்கிய பூண்டு, சிட்டிகை மஞ்சள் ஆகியவற்றை வதக்கி, நான்கு கப் தண்ணீரும் ஒரு கைப்பிடி காய்ந்த இறாலும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, ஆய்ந்த ஒரு கட்டுக் கீரையைப் போட்டு ஐந்து நிமிடத்தில் இறக்கலாம். கலவை மிகப் புளிப்பாக அமைந்துவிட்டால், கீரைக்குப் பதில் சுரைக்காயைப் போட்டு மிளகுத்தூள் தூவிய புளிப்பில்லாத சூப்பைச் செய்ய வேண்டும். இரண்டும் புளித்தால் சாப்பாட்டின் சமநிலை கெடும்.

ஙப்பி என்பது மீனையோ கூனி இறாலையோ உப்பிட்டுப் புளிக்கவைத்த விழுது. ஐராவதி வடிநிலப் பகுதிகளில் ஆற்று மீனிலும், அரக்கான் போன்ற கடலோரங்களில் கடல் மீனிலும் இறாலிலும் செய்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் மலேசிய இறால் விழுதான பெலாசானைப் பயன்படுத்தலாம். ஒரு தேக்கரண்டி விழுதை வாழையிலைத் துண்டில் மடித்துத் தணலில் வாட்டி, அரைக் கப் நீரில் கரைத்துக் கொதிக்கவைத்து வடிகட்டி, சுட்ட பூண்டு, சுட்ட பச்சைமிளகாய், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைச் சேர்த்தால் தொட்டுக்கொள்ளும் சாறு ஆயத்தம். வாட்டும்போது சன்னல்களைத் திறந்து வைப்பதும், அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லுறவுக்கு உதவும். கருவாடு வறுக்கும் வீட்டில் இந்த எச்சரிக்கை தேவைப்படாது. உடன் வைக்க வெள்ளரி, முட்டைக்கோஸ், வல்லாரை, மாங்காய்த் துண்டு, அவித்த வெண்டைக்காய் எதுவும் பொருந்தும்.

மீன் உண்ணாதவர்களுக்கும் இந்தச் சமையலில் இடம் உண்டு. ஷான் மக்கள் ஙப்பிக்குப் பதிலாகப் புளிக்கவைத்துக் காயவைத்த சோயா வில்லைகளைப் பயன்படுத்துகிறார்கள். பகான் வட்டாரத்தில் கொள்ளை வேகவைத்துப் புளிக்கவைத்த கறுத்த விழுது பெயர்பெற்றது. ஷான் தோஃபு சோயாவில் செய்யப்படுவதே இல்லை: ஒரு கப் கடலை மாவை மூன்று கப் நீரில் கரைத்து, கட்டியில்லாமல் வடிகட்டி, உப்பும் மஞ்சளும் சேர்த்து, சிறுதீயில் கைவிடாமல் கிளறிக் கூழாக்கி, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி ஆறவைத்தால் துண்டு போடும் பதத்துக்கு இறுகிவிடும். அதைக் கலவையாகவும் பிசையலாம், பொரிக்கவும் செய்யலாம்.

மொஹிங்கா

இவ்வளவும் கைக்கு வந்த பிறகு மொஹிங்கா கடினமாகத் தோன்றாது, ஏனெனில் அதன் பாகங்கள் எல்லாம் முன்பே செய்து பழகியவைதான். ஆறு பேருக்கு முக்கால் கிலோ கெளுத்தி அல்லது விரால் மீனைச் சுத்தம் செய்து, இரண்டு லிட்டர் நீர், நசுக்கிய எலுமிச்சைப்புல் மூன்று தண்டு, இஞ்சித் துண்டு, அரைத் தேக்கரண்டி மஞ்சள், ஒரு தேக்கரண்டி ஙப்பி ஆகியவற்றுடன் 20 நிமிடம் வேகவைக்க வேண்டும். மீனை எடுத்து முள் நீக்கி உதிர்த்துக்கொண்டு, நீரை வடிகட்டி வைக்க வேண்டும். முள் எடுப்பதில் பொறுமை வேண்டும். குழந்தைகள் உண்பதானால் இரண்டு முறை விரலால் தேடிப் பார்ப்பது நலம்.

கோழிக்கறிக்குச் சொன்ன அதே விழுதை, எலுமிச்சைப்புல்லின் வெண்மையான அடிப்பகுதி ஒன்றையும் சேர்த்து இடித்து, ஆறு மேசைக்கரண்டி எண்ணெயில் அதே பதத்துக்கு வதக்கி, உதிர்த்த மீனைப் போட்டு ஈரம் போகப் புரட்ட வேண்டும். இதில் மீன் வேகவைத்த நீரை ஊற்றி, வறுத்த அரிசி மாவும் வறுத்த கடலை மாவும் மூன்று மூன்று மேசைக்கரண்டி எடுத்துக் குளிர்ந்த நீரில் கரைத்துச் சேர்த்துக் கிளற வேண்டும். உரித்த முழுச் சின்ன வெங்காயம் பதினைந்து, நார் நீக்கி வில்லைகளாக அரிந்த இளம் வாழைத்தண்டு ஒரு சாண் ஆகியவற்றைப் போட்டு, சிறுதீயில் முக்கால் மணி நேரமாவது கொதிக்கவிட வேண்டும். மாவு அடியில் தங்கிக் கருகக்கூடும் என்பதால் அடிக்கடி துழாவ வேண்டும். ரசத்தைவிடக் கெட்டியாகவும் சாம்பாரைவிட நீர்க்கவும் இருப்பதே பதம். மீன் சாஸும் மிளகுத்தூளும் சேர்த்து இறக்க வேண்டும்.

அரிசி நூடுல்ஸ் இல்லையென்றால் மெல்லிய இடியாப்பம் தயக்கமில்லாமல் பயன்படுத்தலாம். அதன்மேல் கொதிக்கும் சாற்றை ஊற்றி, அவித்த முட்டை, கொத்தமல்லி, எலுமிச்சை, மிளகாய்ப்பொடி, பொரித்த வெங்காயம் ஆகியவற்றுடன், கடலைப்பருப்பை ஊறவைத்து நீர்த்த அரிசிமாவுக் கரைசலில் போட்டு மெல்லியதாகப் பொரித்த பேஜோவை நொறுக்கிப் போட வேண்டும். சென்னை அத்தோ கடைகளில் விற்கும் பேஜோவை வாங்கி வந்துவிட்டாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. அரக்கான் பகுதியில் இதே உணவை மாவு சேர்க்காமல், தெளிந்த சாறாக, காரம் கூட்டி, பேரரத்தை போட்டுச் செய்கிறார்கள். கெட்டியான சாறு பிடிக்காதவர்கள் அந்த வழியில் செய்து பார்க்கலாம்.

சோறு மிஞ்சினால் மறுநாள் காலைக்கு ஆகும். முந்தைய நாளே ஊறவைத்து, முளை எட்டிப் பார்க்கத் தொடங்கிய காய்ந்த பட்டாணியை உப்புப் போட்டு வேகவைத்துக்கொண்டு, இரண்டு மேசைக்கரண்டி வெங்காய எண்ணெயில் அரிந்த வெங்காயத்தையும் சிட்டிகை மஞ்சளையும் வதக்கி, உதிர்த்த சோற்றைச் சேர்த்துப் பெருந்தீயில் புரட்டி, பட்டாணியைக் கலந்து, மேலே ஒரு பொரித்த முட்டையை வைத்துப் பரிமாறலாம். இதற்கு மீன் சாஸ் தேவையில்லை, உப்பே போதும்.